ஊர்க்கணக்கும் பள்ளி இடங்களும்

நாடு முழுவதற்கும் எத்தனை பள்ளிகள் வேண்டும் என்று கணக்கிடுவது எளிது. ஓர் ஊருக்கு எத்தனை இருக்கைகள் வேண்டும் என்று கணக்கிடுவதே அரிது. நாட்டுக் கணக்கில் ஓரிடத்து மிகுதி மற்றோரிடத்துக் குறைவை ஈடுசெய்து, கூட்டுத்தொகை ஒழுங்காகத் தோன்றிவிடுகிறது. ஊர்க்கணக்கில் இந்த ஈடு செல்லாது. இமயமலைச் சிற்றூர் ஒன்றில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை, தில்லிப் புறநகரில் இடம் கிடைக்காத சிறுவனுக்குப் பயன்படப் போவதில்லை.

2024–25ஆம் கல்வியாண்டிற்கு மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 14.71 இலட்சம் பள்ளிகளும் 24.69 கோடி மாணவரும் இருந்தனர். சராசரி பார்த்தால் பள்ளி ஒன்றிற்கு 168 மாணவர். ஆயினும் அதே ஆண்டில் ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் ஓர் இலட்சத்திற்கு மேல் இருந்தன. ஒரு மாணவரும் சேராத பள்ளிகள் எட்டாயிரத்தை நெருங்கின. சராசரி என்பது இவ்விரு நிலைகளையும் ஒருங்கே மறைத்துவிடும் திரையாகும். பள்ளி இடங்களைத் திட்டமிடும் வேலை ஊரிலிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும் என்பதும், அதற்கு அடிப்படையான எண்ணிக்கையை நேர்மையாக எடுப்பவருக்கு அரசு பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

மாறிவரும் மக்கள் தொகை

தேசியக் குடும்பநல ஆய்வு 1992–93இல் முதன்முறையாக நடந்தபோது, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 3.4 என்று கணிக்கப்பட்டது. 2019–21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 2.0 ஆகக் குறைந்தது. அப்போது பீகாரில் 3.0, உத்தரப் பிரதேசத்தில் 2.4, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 1.8, சிக்கிமில் 1.1 என மாநிலத்திற்கு மாநிலம் பெரும் வேறுபாடு காணப்பட்டது. 2001க்கும் 2011க்கும் இடையே நாட்டின் மக்கள் தொகை 18 கோடி பெருகிற்று. ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொகை 16.38 கோடியிலிருந்து 16.45 கோடியாகவே உயர்ந்தது. மக்கள் பெருகினால் பள்ளிச் சிறுவரும் அதே அளவில் பெருகுவர் என்ற பழைய எண்ணம் அப்பொழுதே பொய்த்துவிட்டது.

இடப்பெயர்ச்சியின் விளைவு இதனினும் பெரிது. அதே பத்தாண்டுகளில் உத்தராகண்டத்தின் பவுரி, அல்மோரா மாவட்டங்களிலும், கேரளத்தின் பத்தனம்திட்டை, இடுக்கி மாவட்டங்களிலும் மக்கள் தொகை குறைந்தது. தில்லி மாநிலம் முழுவதும் 21 விழுக்காடு வளர்ந்தபோதிலும், அதன் நடுவிலுள்ள புது தில்லி மாவட்டமும் மத்திய மாவட்டமும் சுருங்கின. தென்மேற்கு மாவட்டமோ 30 விழுக்காட்டிற்கு மேல் பெருகிற்று. மும்பையின் தீவுப் பகுதி தேய்ந்தது. அதனை அடுத்த தானே மாவட்டம் 36 விழுக்காடு வளர்ந்தது. ஒரே நகரத்தினுள் ஒரு புறம் பள்ளிகள் காலியாக, மறுபுறம் ஒரே கட்டடத்தில் காலையில் பெண்களுக்கும் மாலையில் ஆண்களுக்குமாக இரு முறை பள்ளி நடத்த வேண்டிய நிலையை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

சில வேளைகளில் மக்கள் சிறிது சிறிதாக அன்றி, ஒரே சமயத்தில் பெயர்க்கப்படுவதும் உண்டு. 2004இல் தில்லி யமுனைக் கரையிலிருந்த குடிசைகள் அகற்றப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் விளிம்பிலுள்ள பவானா போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டன. எந்தப் பிறப்பு விகிதமும் இத்தகைய மாற்றத்தை முன்கூட்டிக் காட்டாது. வீட்டுமனை ஒதுக்கும் அலுவலகமும் கல்வி அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் குடியேற்றத்தோடு வகுப்பறையும் உடன் வரும்.

மூன்று சொற்கள், மூன்று எண்கள்

அரசின் அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் உள்ளவன் என்ற முறையில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். ‘மாணவர் எண்ணிக்கை’ என்ற ஒரே தொடரை நாம் மூன்று வேறு பொருள்களில் வழங்கிவருகிறோம். பதிவேட்டில் பெயர் உள்ளவர் தொகை சேர்க்கை. நாள்தோறும் வந்து அமர்பவர் தொகை வருகை. பள்ளி ஏற்றுக்கொள்ளக்கூடிய தொகை இடம். இவற்றிற்கு அப்பால் நான்காவதாக ஊரில் வாழும் பள்ளி வயதுக் குழந்தைகளின் தொகை ஒன்று உண்டு. திட்டமிடுவதற்கு முதன்மையானது இந்த நான்காவது எண்ணே. அரசுப் பள்ளியில் சேர்க்கை குறைந்தால் ஊரில் குழந்தைகள் குறைந்துவிட்டனர் என்று பொருளாகாது. அவர்கள் தனியார் பள்ளிக்குச் சென்றிருக்கலாம். பெற்றோருடன் செங்கற்சூளைக்குப் போயிருக்கலாம். எங்கும் செல்லாமல் வீட்டிலும் இருக்கலாம். மூன்றிற்கும் பரிகாரம் வெவ்வேறு.

எண்ணும் நாளும் விடையை மாற்றும். பள்ளிக் கணக்கெடுப்பிற்குச் செப்டம்பர் 30 நெடுங்காலமாகக் குறிப்பு நாளாக இருந்துவந்தது. அந்நாளில் மராட்டியத்தின் பீடு மாவட்டத்துக் கரும்பு வெட்டும் குடும்பங்களும், மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்துச் செங்கற்சூளைத் தொழிலாளரும் பெரும்பாலும் தத்தம் ஊரிலேயே இருப்பர். மழைக்காலம் கழிந்து அவர்கள் புறப்பட்டபின், சொந்த ஊரில் இருக்கைகள் காலியாகின்றன. சென்ற இடத்திலோ அக்குழந்தைகள் எக்கணக்கிலும் இல்லை. ஆண்டிற்கு ஒரு முறை எண்ணுவதோடு நில்லாமல், சனவரியிலும் ஒரு முறை எண்ணினால் இவ்வேறுபாடு வெளிப்படும். குழந்தைகள் உறவினரோடு ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதி வேண்டுமா, வேலைத்தலத்தின் அருகே வகுப்பு வேண்டுமா என்பதை அதன் பிறகே முடிவு செய்ய இயலும்.

கணக்கிடும் முறை

இன்று பிறக்கும் குழந்தை முதல் வகுப்பிற்கு வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். ஒரு கட்டடம் எழுப்பவும் ஆசிரியரை அமர்த்தவும் இது போதிய காலமே. ஆகவே இடப் பற்றாக்குறை எதிர்பாராமல் வந்த இடர் என்று பெரும்பாலும் கூறவியலாது.

பிறப்புப் பதிவேட்டை அப்படியே நம்புவதும் தவறாக முடியும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே அது பதிவாகிறது. நம் நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். மருத்துவமனையோ பெரும்பாலும் நகரத்தில் இருக்கும். எனவே நகரத்துப் பதிவேட்டில் குழந்தைகள் மிகுந்தும், சிற்றூர்ப் பதிவேட்டில் குறைந்தும் காணப்படும். இதனைத் திருத்த அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பக் கணக்கேடும், கிராம சுகாதாரச் செவிலியரின் தாய்சேய்ப் பதிவேடும் உதவும். மூன்றையும் ஒரு மேசையில் வைத்து ஒப்பிடுதல் தலைமையாசிரியருக்கு ஒரு நாள் வேலையே.

முதல் வகுப்பைப் பிறப்புக் கணக்கால் மதிப்பிட்டபின், மேல் வகுப்புகளைத் தொடர்ச்சி விகிதத்தால் மதிப்பிடலாம். சென்ற ஆண்டு முதல் வகுப்பில் 40 பேர் இருந்து, இவ்வாண்டு இரண்டாம் வகுப்பில் 36 பேர் இருப்பதாகக் கொள்வோம். விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறு. இவ்வாண்டு முதல் வகுப்பில் 30 பேர் இருந்தால், வரும் ஆண்டு இரண்டாம் வகுப்பில் 27 பேரை எதிர்பார்க்கலாம். ஓர் ஆண்டின் விகிதம் ஏமாற்றக்கூடும் ஆதலின், மூன்றாண்டுகளின் சராசரியைக் கொள்வது நலம். விகிதம் நூறுக்கு மேல் போனால், வெளியிலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று அறியலாம். ஒரு வகுப்பில் மட்டும் திடீரென வீழ்ந்தால், அவ்வகுப்பில் என்ன நேர்ந்தது என்று வீடு தேடிச் சென்று கேட்க வேண்டும்.

பிறப்புகள் குறையத் தொடங்கிய ஊரில் முதல் வகுப்பு சுருங்கும் ஆண்டிலேயே ஒன்பதாம் வகுப்பு பெருகிக்கொண்டிருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. முன்பு பிறந்த பெருந்தொகையினர் அப்பொழுதுதான் அவ்வகுப்பை எட்டியிருப்பர். தொடக்கப் பள்ளியில் அறைகள் மிகுந்துள்ளன என்று ஒரு துறையும், உயர்நிலைப் பள்ளியில் அறைகள் போதவில்லை என்று மற்றொரு துறையும் ஒரே தெருவிலிருந்து எழுதிக்கொண்டிருப்பது இதனாலேயே. மிகுந்த அறையை மேல் வகுப்பிற்கோ அங்கன்வாடிக்கோ கொடுத்துதவுவது புதுக் கட்டடத்தினும் சிக்கனமானது.

இணைப்பும் தொலைவும்

மாணவர் குறைந்த பள்ளிகளை இணைத்தல் இன்று பல மாநிலங்களில் நடைபெறுகிறது. இராசத்தானத்தில் 2014இல் பல்லாயிரம் பள்ளிகள் அவ்வாறு இணைக்கப்பட்டன. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் பள்ளியில் குழந்தைகள் இழப்பது மிகுதி என்பதால், இணைப்பு முற்றிலும் தீது என்று நான் கூறேன். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு பள்ளித் தொகுதி முறையைப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதனையே மீண்டும் வலியுறுத்தியது. பள்ளிகளை மூடாமலே நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் சிறப்பாசிரியரையும் பல பள்ளிகள் பகிர்ந்துகொள்ள அம்முறை இடந்தருகிறது.

ஆனால் இணைப்பை முடிவு செய்வோர் வரைபடத்தில் அளந்த தொலைவைக் கொண்டு அமைதியடைதல் கூடாது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடைத் தொலைவையும், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டரையும் எல்லையாக வகுத்தன. நிலச்சரிவும் வெள்ளமும் சாலையின்மையும் உள்ள இடங்களில் இவ்வெல்லையைக் குறைத்துக்கொள்ளவும் கூறின. இருப்புப்பாதை ஒன்றோ, மழைக்காலத்து ஓடை ஒன்றோ குறுக்கிட்டால் அரைக் கிலோமீட்டரும் கடத்தற்கரிய தொலைவாகிவிடும். ஏழு வயதுக் குழந்தையோடு களப்பணியாளர் அவ்வழியை ஒரு முறை நடந்து பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே இணைப்பாணை பிறக்க வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் முதலில் பள்ளியை விட்டு நிற்பவள் வீட்டின் மூத்த பெண்குழந்தை. அவள் பெயர் பதிவேட்டில் சில மாதங்கள் நீடிக்கும். பிறகு அதுவும் அடிபடும்.

எண்ணுபவர்க்குப் பாதுகாப்பு

கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளன்று எண்ணப்படும் மாணவர் தொகையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்களை வரையறுக்கும் வழக்கம் உண்டு. பிற மாநிலங்களிலும் வேறு நாளில், வேறு முறையில் இத்தகைய கணக்கே நடைபெறுகிறது. பணியிடம் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், எண்ணுபவர் தம் பள்ளியின் வாழ்வையும் உடன்பணியாற்றுவோரின் இடத்தையும் ஒருங்கே எண்ண வேண்டியவராகிறார். அவரிடமிருந்து ஐயமற்ற புள்ளியை எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாமையாகும். எண் கூடுதலாக எழுதப்பட்டால், உண்மையில் இடம் தேவைப்படும் மற்றோர் ஊரின் பங்கு குறைகிறது.

ஆதலின் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, ஓர் ஆண்டின் வீழ்ச்சியைக் கொண்டு பணியிடத்தை நீக்காமல், மூன்றாண்டுச் சராசரியைக் கொள்ளுதல். இரண்டாவது, ஊர்க்குழந்தைக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் படித்து, பெற்றோர் அறிய ஒட்டுதல். மூன்றாவது, அக்கணக்கை மாவட்டத்தின் ஆண்டுப் பணித் திட்டமும் வரவு செலவுத் திட்டமும் உருவாகும் முன்பே சேர்ப்பித்தல். திட்டம் முடிவான பின் வரும் எண் கோப்பிற்கே பயன்படும்.

2021இல் எடுக்கப்பட வேண்டியிருந்த மக்கள் தொகைக் கணக்கு ஒத்திவைக்கப்பட்டு, 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடத்தப்படும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2011இல் கைக்குழந்தையாக எண்ணப்பட்ட ஒருவர், கல்வியுரிமைச் சட்டத்தின் பதினான்கு வயது வரம்பை 2025இலேயே எட்டிவிட்டார். இவ்வளவு நீண்ட இடைவெளியை எந்தச் சராசரியும் நிரப்பாது. 1957இல் முதல் அகில இந்தியக் கல்வி ஆய்வு நடந்தபோது, எந்தக் குடியிருப்பிற்குப் பள்ளி இல்லை என்று ஊர் ஊராகக் கண்டறிவதே அதன் நோக்கமாக இருந்தது. அந்தப் பழைய உழைப்பை ஆண்டுதோறும், சிறிய அளவில், ஒவ்வொரு பள்ளியும் மேற்கொள்ள வேண்டிய காலம் இது. வரும் கோடை விடுமுறைக்கு முன் ஆசிரியரும் களப்பணியாளரும் தத்தம் ஊரின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வயதுவாரியாக ஒரே தாளில் எழுதிப் பார்ப்பாராக. எத்தனை இருக்கை வேண்டும், எந்த ஆண்டில் வேண்டும் என்பதை மாவட்ட அலுவலகத்திற்குச் சொல்லும் உரிமையை அந்தத் தாள் அவர்களுக்கு அளிக்கும்.