"கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்!"

கருத்தடை மாத்திரையை ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பெண் அடுத்த வாரமே தலைவலி, குமட்டல், இடையிடையே ரத்தப்போக்கு என்று வந்து நின்றால் கிடைக்கும் பதில் இதுதான்: "கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்மா, போகப்போக சரியாயிடும்." பொய் இல்லை. இவையெல்லாம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த பதில் ஏன் மாற்றிய பிறகு வருகிறது? மாற்றும் முன்பே சொல்ல என்ன கேடு?

கேட்டால் ரெடிமேடாக ஒரு சாக்கு இருக்கிறது: "எல்லாத்தையும் சொன்னா பயந்துடுவாங்க." இதற்கு ஆதாரமாக பிரிட்டனில் 1995ல் நடந்ததை இழுப்பவர்களும் உண்டு. சரி, அதையே பார்த்துவிடலாம்.

அந்த வருடம் அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு எச்சரிக்கை விட்டது. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் சேர்ந்த புதிய மாத்திரைகளால் காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி வரும் அபாயம் பழைய மாத்திரைகளைவிட இரண்டு மடங்காம். சாப்பிட்டு வந்தவர்களோ சுமார் 15 லட்சம் பேர்! கையிலிருக்கும் அட்டையை முடியுங்கள், டாக்டரைப் பார்த்து வேறு மாத்திரைக்கு மாறுங்கள் என்பதுதான் அறிவுரை. ஆனால் டாக்டர்களுக்குக் கடிதம் போய்ச் சேருவதற்குள் டிவியும் பேப்பரும் முந்திக்கொண்டன. நிறைய பேர் மாத்திரையை மாற்றவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். சில வருடங்களாகக் குறைந்துகொண்டே வந்த கருக்கலைப்பு எண்ணிக்கை 1996ல் இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் சுமார் 13,000 கூடியது.

"பார்த்தீங்களா, சொன்னதால வந்த வினை!" என்பார்கள். இல்லை சாமி, பாதி சொன்னதால் வந்த வினை. இரண்டு மடங்கு என்றால் எதிலிருந்து எதுவரை? 1 லட்சம் பெண்கள் ஒரு வருடம் பழைய மாத்திரை சாப்பிட்டால் சுமார் 15 பேருக்கு ரத்தக்கட்டி வரும், புதியதில் சுமார் 30 பேருக்கு. மாத்திரையே இல்லாமல் கர்ப்பமாக இருந்தால்? 60 பேருக்கு! அப்போது இருந்த கணக்கு இது. மூன்று எண்ணையும் சேர்த்துப் பார்த்த எந்தப் பெண் பாதி அட்டையைத் தூக்கி எறிவாள்? வீட்டுக்கு வந்து சேர்ந்தது "இரண்டு மடங்கு" என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான்.

இந்த 'பயந்துவிடுவார்கள்' கதை மாத்திரை பிறந்தபோதே பிறந்தது. 1956ல் போர்ட்டோ ரிக்கோவில் பரிசோதனை நடந்தபோது 17 சதவீதம் பெண்கள் தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்றார்கள். அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே (பெண்தான்) இதை எழுதியே கொடுத்தார். மாத்திரையை உருவாக்கிய கிரிகரி பின்கஸ் தரப்போ எல்லாம் மனசு செய்கிற வேலை என்று ஒதுக்கியது. அந்த மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20லிருந்து 35. மனசுதான் காரணம் என்றால் எதற்காக இவ்வளவு குறைத்தார்களாம்? 1970ல் அமெரிக்க செனட்டில் கேலார்ட் நெல்சன் இதே மாத்திரையைப் பற்றி விசாரணை நடத்தியபோது, சாப்பிட்ட பெண் ஒருத்தியைக்கூட சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் எழுந்து நின்று கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் மாத்திரைப் பெட்டிக்குள் எச்சரிக்கைத் தாள் வந்தது. கத்தித்தான் வாங்க வேண்டியிருந்தது!

நம்மூரில் பி.சி.ஓ.டி. என்றும் முகப்பரு என்றும் கல்லூரிப் பெண்களுக்கு இதே மாத்திரைகளை எழுதித் தருகிறார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரலிலிருந்து டிரோஸ்பைரினோனுக்கு மாற்றினால் "இது லேட்டஸ்ட்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2013ல் சொன்ன கணக்குப்படி 10,000 பெண்களில் வருடத்துக்கு ரத்தக்கட்டி வருவது முன்னதில் 5லிருந்து 7 பேருக்கு, பின்னதில் 9லிருந்து 12 பேருக்கு, எதுவும் சாப்பிடாதவர்களில் 2 பேருக்கு. சின்ன எண்கள்தான். மறைக்க என்ன இருக்கிறது?

மாற்றும்போது விடும் இடைவெளி விஷயம் இன்னும் மோசம். பழைய அட்டையின் கடைசி ஹார்மோன் மாத்திரைக்கு அடுத்த நாளே புதியதைத் தொடங்குவது நல்லது (பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை கணக்கில் சேராது). "உடம்புக்கு கொஞ்சம் ரெஸ்ட் கொடுப்போமே" என்று நாலு வாரம் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினால், குறையத் தொடங்கியிருந்த ரத்தக்கட்டி அபாயம் மறுபடி ஏறும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தால் மூன்று மாதம் பொறுக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கண்ணுக்குள் மின்னல் வெட்டிவிட்டு ஒற்றைத் தலைவலி வருகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையே ஆகாது. இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

மெடிக்கல் ஷாப்பில் "அது ஸ்டாக் இல்லைம்மா, இதுவும் அதேதான்" என்று வேறு அட்டையை நீட்டும்போதுகூட, பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் மருந்துப் பெயர்களைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டில் ஒன்று மாறியிருந்தால் அது 'அதேதான்' இல்லை.