மழைக்குப் பின் மிதிவண்டி

கார்த்திகை மழையில் திண்ணையோரம் சாத்திய என் சைக்கிளைப் பொங்கல் முடிந்த ஞாயிறன்று வெளியே எடுத்தேன். செயின் செம்மண் நிறத்தில் இருந்தது. முன் சக்கரத்தில் காற்றே இல்லை. பஞ்சர் என்று பயந்தேன். நல்ல வேளையாக வால்டியூப்தான் மக்கிப் போயிருந்தது. கடைக்கார அண்ணன் பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, "கோட்டம் விழுந்திருக்கு பாப்பா, எடுத்தாத்தான் ஓட்ட முடியும்" என்றார். கோட்டம் எடுத்து, செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, மழைநீர் இறங்கிய அச்சுக்குப் புதுக் கிரீஸ் வைத்த பிறகுதான் அது சைக்கிள் போலாயிற்று.

மேலை நாடுகளில் பனிக்காலம் முழுவதும் வீட்டுக்குள் கிடந்தவர்கள், மார்ச் மாதத்தில் வசந்தம் எட்டிப் பார்த்ததும் மீண்டும் நெடுந்தூரம் சைக்கிளில் போகத் தொடங்குவார்கள் என்று படித்திருக்கிறேன். நம் புதுக்கோட்டைச் சீமையில் நம்மை முடக்குவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பஸ்தான் கதி. தை பிறந்தால் மழை ஓய்கிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று இலக்கணத்தில் படிக்கிறோமே, அதுவே சைக்கிளுக்கு ஏற்ற காலம். விடியற்காலையில் பனி, எட்டு மணி வரை இதமான வெயில், கண்மாய்களில் தண்ணீர். சித்திரை வந்துவிட்டால் எட்டு மணிக்கே தார்ச் சாலை கொதிக்கும். ஆக, ஆண்டில் நமக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தாம்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு ஞாயிறுகளையும் நாம் என்ன செய்கிறோம்? இதைக் கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பில் அரசு நமக்கு விலையின்றிச் சைக்கிள் தருகிறது. 2001-2002-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம், பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிந்தது. அந்தச் சைக்கிளில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிறோம். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிறோம். என் வீட்டுக்கும் பள்ளிக்கும் இரண்டரைக் கிலோமீட்டர். சனி, ஞாயிறு வந்தால் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். அதன் கேரியரில் அம்மா துணி உலர்த்துவார்கள். என் தம்பி மட்டும் அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையில் போய் மாலையில் வருவான். எங்கே போனாய் என்று கூட அவனை யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இது புதுக்கோட்டை! 1991-ல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுதப் படிக்கக் கற்பிப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்பித்தார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். கல் உடைக்கும் பெண்களும் வயலில் கூலி வேலை செய்த பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

என் அம்மாச்சியும் அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை. பகலெல்லாம் கல் குவாரியில் வேலை. இரவில் நிலா வெளிச்சத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத் திடலில் பழகினாராம். "விழாத நாள் கிடையாதுடி. விழுந்தா சிரிப்போம், எந்திரிச்சா இன்னும் சிரிப்போம்" என்பார். கற்றது தாத்தாவின் ஆண்கள் சைக்கிளில். அதுவே வசதி என்கிறார். குறுக்கே பார் இருப்பதால் சின்னப் பிள்ளையை அதில் உட்கார வைத்துக்கொள்ளலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரமெல்லாம் மிச்சமாயிற்றாம். அந்த பாரில் உட்கார்ந்து போன பிள்ளைதான் என் அம்மா.

அந்த அம்மாதான் இன்று என்னை ஊர் எல்லையைத் தாண்ட விடுவதில்லை.

அம்மாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நாங்கள் நான்கு தோழிகள் வீட்டில் சொல்லாமல் ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கண்மாய்க்குச் சைக்கிளில் போனோம். திரும்பும்போது ஒருத்தியின் டயரில் கருவேல முள் ஏறிவிட்டது. எங்களிடம் பம்பும் இல்லை, பஞ்சர் ஒட்டவும் தெரியாது. உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சைக்கிளைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்கள். சொல்லாமல் போனது எங்கள் தவறு. ஆனால் அந்தத் தவறுக்குத் தண்டனை சைக்கிளுக்கு ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது பூட்டு அல்ல, பஞ்சர் ஒட்டும் பசை.

அம்மாச்சியின் காலத்தில் சாலையில் இத்தனை லாரிகளும் கார்களும் இல்லை என்கிறார்கள். உண்மைதான். நெடுஞ்சாலையில் போக வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. கிராமச் சாலைகள் இருக்கின்றன, விடியற்காலை இருக்கிறது. "பரீட்சை முடியட்டும்" என்கிறார்கள். பொதுத் தேர்வு முடியும்போது பங்குனி பாதி போயிருக்கும்; அடுத்து அக்கினி நட்சத்திரம்தான்! ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் காற்று வாங்கிவிட்டு வந்தால் இயற்பியல் கொஞ்சம் நன்றாகவே புரிகிறது என்பது என் சொந்த அனுபவம்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அம்மாச்சியிடம் கேட்டேன். "அப்பவும் சொன்னாங்க. பாட்டுக் கட்டிக்கூடக் கேலி பண்ணினாங்க. எங்களுக்குக் குவாரிக்கு நேரமாச்சு, நின்னு கேட்க முடியல" என்றார்.

நம் அருட்சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு நம்மைப் பஸ்ஸில் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமண ஓவியம், அந்தத் தாமரைக் குளம், மலை மேல் ஏழடிப்பட்டத்தின் வழுவழுப்பான கற்படுக்கைகள் எல்லாம் பார்த்தோம். வழியில் பார்த்தது முன் சீட்டின் முதுகை மட்டுமே. நகரிலிருந்து அது ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு தையில் பதினோராம் வகுப்பினரைச் சைக்கிளிலேயே அழைத்துச் செல்லலாகாதா? முன்னால் ஓர் ஆசிரியை, பின்னால் ஓர் ஆசிரியை, ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டத் தெரிந்த இரண்டு மாணவியர் போதும்.

தங்கைகளே, போவதென்றால் ஒரே நாளில் போய்விடாதீர்கள். மழைக்குப் பின் முதல் ஞாயிறு ஐந்து கிலோமீட்டரிலேயே எனக்குத் தொடை கடுத்துவிட்டது. ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று வாரா வாரம் கூட்டுங்கள். சீட்டைத் தாழ்த்தி வைத்து முழங்காலை மடக்கி மடக்கி மிதிக்காதீர்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். தாவணியோ துப்பட்டாவோ, இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நானும் இம்முறை சொல்லித்தான் கேட்டேன். "தனியாக விட மாட்டேன்" என்றார்கள் அம்மா. "தனியா ஏன் போறா, நான் வரேன்" என்றார் அம்மாச்சி. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முட்டி வலிக்காதா என்று கேட்டதற்கு, "நடந்தாத்தான் வலிக்கும், மிதிச்சா வலிக்காது" என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அரிசிப் பானையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்கள்.

தாத்தாவின் சைக்கிள் இப்போது ஓவராயிலுக்குப் போயிருக்கிறது.