கம்பியும் காதும்



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு தாய் தம் மகனை முன்னே தள்ளிக்கொண்டு வந்தார். "சாமி, நீங்களே சொல்லுங்கள். வயர் வைத்த இயர்போன் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. இவன் புளூடூத்துதான் வேண்டும் என்று ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்" என்றார். பையனோ, "வகுப்பில் எல்லோரும் அதுதான் வைத்திருக்கிறார்கள், சாமி" என்று மெல்லிய குரலில் முறையிட்டான். இவ்வழக்கு ஒரு வீட்டோடு நிற்பதன்று என்பதை அறிவோம். ஆகவே, இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். கைப்பேசி எழுப்பும் ஒலி, மின்னோட்டமாகக் கம்பி வழியே காதுவரை செல்வது ஒரு முறை. பழைய தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுக்கப் பயன்பட்ட செருகுமுனையே சிறுத்து, இன்று 3.5 மில்லிமீட்டர் முனையாக நம் கைப்பேசியின் துளையில் நுழைகிறது. மற்றது, ஒலியை எண்குறிகளாகச் சுருக்கி, வானொலி அலையில் ஏற்றிச் சில மீட்டர் தொலைவுக்கு அனுப்பும் முறை. 2016-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனிலிருந்து அந்தத் துளையையே நீக்கியது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. இன்று புதுக் கைப்பேசி வாங்கச் செல்வோர், அதில் இயர்போன் துளை உண்டா எனக் கேட்டு வாங்கவேண்டிய நிலை வந்துவிட்டது. துளை இல்லாவிடினும், சார்ஜ் ஏற்றும் வாயிலேயே செருகும் கம்பி இயர்போன்கள் கிடைக்கின்றன என்பதைப் பலர் அறியார்.

கம்பி இயர்போனுக்கு விலை குறைவு. சார்ஜ் ஏற்ற வேண்டுவதில்லை. செருகினால் ஒலிக்கும். ஒலி தாமதித்து வராது. இணையவழி வகுப்பில் பேசவும் கேட்கவும் நம்பத்தக்கது. அதன் குறை, கம்பி சிக்கிக்கொள்ளும். செருகுமுனையின் அருகே மடங்கி மடங்கி அறுந்துபோகும். கைப்பேசியைச் சார்ஜில் போட்டுக்கொண்டே அதைக் காதில் மாட்டுவது, தரமற்ற சார்ஜர் உள்ள வீட்டில் ஆபத்து.

கம்பியில்லாததோ கைகளை விடுவிக்கிறது. அடுப்படியில் நிற்கும் தாய் செபமாலையைக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு காதுத்துண்டுக்குள்ளும் பயறளவில் ஒரு மின்கலம் உண்டு. சில நூறு முறை சார்ஜ் ஏற்றியபின் அது வலுவிழக்கும். பெரும்பாலானவற்றில் அதை மட்டும் மாற்ற இயலாது; கருவியையே எறியவேண்டும். ஒரு காதுத்துண்டு சாக்கடையில் விழுந்தால், மற்றதை மட்டுமே கொண்டு கேட்க நேரிடும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், பயன்படுத்தித் தூக்கியெறியும் பழக்கத்தைக் கண்டித்தார். அதை வாசித்துப் பாராட்டிய நாமே, இரண்டாண்டுக்கு ஒருமுறை இப்படி எறிவதைக் குறித்துச் சிந்திக்கவேண்டும்.

அலைகளால் மூளைக்குக் கேடு வருமோ என்று சில தாய்மார் அஞ்சுகின்றனர். கைப்பேசியையே காதோடு ஒட்டிப் பேசும்போது வரும் அலையின் ஆற்றலைவிட, இக்கருவியின் அலை மிகக் குறைந்த ஆற்றலுடையது. அஞ்சவேண்டுவது அலைக்கன்று, ஓசையளவுக்கே. நம் உட்செவியில் ஓசையை உணரும் மயிரணுக்கள் பிறப்பில் ஏறத்தாழ 16,000 உள்ளன. இறந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வளர்ந்தோர் 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது, சிறுவர்க்கு 75 டெசிபெல்லே எல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஓசை 90 டெசிபெல்லாக உயர்ந்தால், அந்த 40 மணி நேரம் 4 மணியாகச் சுருங்கிவிடும். இதில் கம்பியுள்ளதும் இல்லாததும் ஒன்றே.

திருச்சபை கம்பியில்லாக் கருவிக்கு அஞ்சியதில்லை. 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் உலகிற்கு உரையாற்றினார். புளூடூத் என்ற பெயரும் நமக்கு அந்நியமன்று. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனின் பட்டப்பெயர் அது; 'நீலப்பல்' என்று பொருள். டென்மார்க்கை ஒன்றுபடுத்தியதாகவும், தன் மக்களைக் கிறிஸ்தவராக்கியதாகவும் ஜெல்லிங் என்னும் ஊரில் அவன் நாட்டிய கல் இன்றும் கூறுகிறது. பிரிந்து கிடக்கும் கருவிகளை இணைப்பதால், பொறியாளர்கள் தம் கண்டுபிடிப்புக்கு அவன் பெயரைச் சூட்டினர். ஒன்றுபடுத்தியவன் பெயரைத் தாங்கிய கருவி, ஒரே கூரையின்கீழ் நால்வரை நான்கு உலகங்களில் உட்கார வைத்தால் அது யார் குற்றம்?

பிறரைக் கேட்குமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நம் நாமத்திருவிழாவிற்கு இளைஞர்கள் அன்போடு ஒரு கம்பியில்லா இயர்போனைப் பரிசளித்தனர். வெளியோசையை அடியோடு அடக்கும் வகை அது. தவக்காலத்தில் ஒரு பிற்பகல், அதைக் காதில் பொருத்தித் தியான உரை ஒன்றைக் கேட்டபடி மாடியில் உலாவிக்கொண்டிருந்தோம். கீழே ஒரு சிறுவன் வந்து மணியை அடித்திருக்கிறான், மும்முறை அடித்து, "சாமி! சாமி!" என்று கூவியிருக்கிறான். நமக்குக் கேட்கவில்லை. "சாமி இல்லை" என்று வீடு திரும்பிவிட்டான். மாலையில் உபதேசியார் செய்தி கொண்டுவந்தபோது ஓடினோம். சிறுவனின் தாத்தா நினைவிழந்து கிடந்தார். மன்னிப்பு வழங்கி, நோயில்பூசுதல் அளித்தோம். அன்றிரவே அவர் இறைவனடி சேர்ந்தார். பல்லாண்டுகள் திருவருட்சாதனங்களை விட்டு விலகியிருந்தவர், அன்று பிற்பகல் தாமாகவே, "சாமியைக் கூப்பிடு, பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும்" என்றாராம். இறைவனின் இரக்கம் நம் காதுகளை நம்பியிருக்கவில்லை என்பதே நமக்கு ஆறுதல். எனினும், அவர் சொல்ல விரும்பியதை மனிதச் செவி ஒன்று கேட்டிருக்க வேண்டும். அது நம்முடையதாக இருந்திருக்க வேண்டும்.

அவர் மனைவி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "சாமி வெளியூர் போயிருப்பீர்கள் என்று நினைத்தோம்" என்றார். அப்படியே விட்டுவிட நாக்கு துடித்தது. அடக்கச் சடங்கு முடிந்த மறுநாள் அவ்வீட்டிற்குச் சென்று, "அம்மா, நாம் வீட்டில்தான் இருந்தோம். காதை அடைத்துக்கொண்டிருந்தோம்" என்று சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "இந்தப் பையனும் வீட்டில் அப்படித்தான் இருப்பான், சாமி. அவன் தாத்தா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போவார்" என்றார்.

அன்று ஓர் உண்மை விளங்கிற்று. கம்பிக்கு ஒரு நற்குணம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும். காதிலிருந்து தொங்கும் கம்பியைக் கண்டால், இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் எனப் பிறர் அறிவர். தோளைத் தொட்டு அழைப்பர். எழுந்தால் அது இழுக்கும், கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். கம்பியில்லாததோ முடிக்குள் மறைந்திருக்கும். காதில் இருப்பதையே நாமும் மறந்து, அடைத்த காதோடு வீடெல்லாம் நடமாடுவோம். கம்பியுள்ளதும் காதை அடைக்கவல்லதே. ஆனால் அதை அடிக்கடி நமக்கு நினைவூட்டும்.

ஆகவே அந்தத் தாய்க்கும் மகனுக்கும் நம் விடை இது. படிக்கும் பிள்ளைக்குக் கம்பியுள்ளதே போதும். அது பழுதாகும்வரை புதிது வேண்டாம். வேலைக்கிடையில் கேட்போர்க்குக் கம்பியில்லாதது உதவும்; ஆனால் ஒரு காதில் மட்டும் அணிக. குழந்தையோ, முதியவரோ, நோயாளியோ உள்ள வீட்டில் இரு காதுகளையும் ஒருசேர அடைப்பது தகாது. சாலையிலும் இருப்புப்பாதை அருகிலும் எதுவும் காதில் இருத்தலாகாது. உணவு வேளையிலும் குடும்பச் செபத்திலும் அவை திருவுருவத்தின் கீழே ஒரு தட்டில் இருக்கட்டும். பெற்றோருடையவை முதலில் அங்கு வரட்டும். தம்பி, உன் வகுப்பில் எல்லோரும் வைத்திருப்பது உண்மையாயிருக்கலாம். உன் தாய் ஒருமுறை அழைத்ததும் "இதோ வருகிறேன், அம்மா" என்று நீ எழுந்து வருவாயானால், எந்தக் கருவியை வாங்கினாலும் நமக்குக் கவலையில்லை.

இளைஞர் தந்த பரிசை நாம் எறிந்துவிடவில்லை. மாலை நடையின்போது, ஒரு காதில் மட்டும் அணிகிறோம். பங்கு இல்லத்தில் இருக்கையில் அது மேசை அறைக்குள் இருக்கிறது.

சாமுவேல் சிறுவன் கோவிலில் படுத்திருந்தபோது, தன்னை அழைத்தது யார் என்று அறியாமலே மும்முறை எழுந்து ஓடினான். முதிய குருவுக்கு ஏதோ தேவை என்று எண்ணியே ஓடினான். வீட்டுப் பெரியவர் அழைத்தால் எழுந்தோடும் பழக்கம் இருந்தமையால்தான் ஆண்டவரின் அழைப்பும் அவனுக்குக் கேட்டது. உங்கள் பிள்ளைகளின் திருமுழுக்கின்போது, காது கேளாதவரை ஆண்டவர் குணமாக்கியதை நினைந்து, குரு அவர்களின் செவியைத் தொட்டு அது திறக்கப்பட மன்றாடுகிறார். நம் செவியையும் ஒரு குரு அவ்வாறு தொட்டார். அச்செவிகள் வீட்டிலுள்ளோர் குரலுக்குத் திறந்திருக்க, இம்மாதம் ஒவ்வொரு நாளும் குடும்பச் செபத்தின் முடிவில் ஒரு நிமிடம் மௌனமாயிருந்து மன்றாடுவோம்.

ஆண்டவரின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை