பழைய வண்டியின் மேல் பழி போடாதீர்கள்

"பழைய வண்டில்லா சார், கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்." திருவனந்தபுரத்தில் அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பட்டறையில் சொல்வார்கள், டாக்ஸி ஸ்டாண்டில் சொல்வார்கள், வீட்டில் மாமனாரும் சொல்வார். கூடவே இன்னொன்றும் வரும்: "ஏர் இழுக்குது. கொஞ்சம் பேஸ்ட் போட்டா அடைஞ்சிரும்." முதலில் சொன்னது பொய். இரண்டாவது, அந்தப் பொய்யை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் வேலை. இரண்டும் சேர்ந்து, இன்னும் பல்லாண்டு ஓட வேண்டிய எஞ்சின்களை இரும்புக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

மாலை நேரத்தில் பழவங்காடியில் நின்று பாருங்கள். கணபதி கோயில் முன்னால் தேங்காய் சிதறிக்கொண்டிருக்கும். கிழக்கேகோட்டை பஸ்களும் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டிகளும் மகாத்மா காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நெரிசலில் ஓர் அம்பாசடர் மாட்டிக்கொண்டால் ஓட்டுநரின் வலது கால் படும் பாட்டைக் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் அணைந்துவிடும். மிதித்தால் உறுமும். பானெட் முழுக்க ஆடும். அதே வண்டி கழக்கூட்டம் பைபாஸில் ஏறியதும் ஒழுங்காக ஓடும். உடனே உரிமையாளர் முடிவுக்கு வந்துவிடுகிறார்: "ரோட்டுல நல்லாத்தான் போகுது, வயசாச்சு, அவ்வளவுதான்."

நெரிசலில் நடுங்கி பைபாஸில் நடுங்காத வண்டிக்கு வந்திருப்பது வயோதிகம் இல்லை. வயதான எஞ்சின் என்றால் எல்லா இடத்திலும் தள்ளாட வேண்டும். இந்த நோய் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது மட்டுமே ஏன் வருகிறது? த்ராட்டில் மூடியிருக்கையில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் வலுவாக இருக்கும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், கடல் மட்டத்தில், அது ஏறக்குறைய 450 முதல் 500 மில்லிமீட்டர் பாதரச அளவு காட்டும். அந்த இழுப்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு சந்து இருந்தால் போதும், கணக்கில் வராத காற்று உள்ளே பாயும். ஐடிலில் எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்றே கொஞ்சம்தான் என்பதால், திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகிவிடுகிறது. த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போகும், ஒழுக்கும் தெரியாமல் போகும். பைபாஸில் வண்டி பறப்பதற்கு இதுதான் காரணம்.

பலரும் இடறும் இடம் இன்னொன்று உண்டு. ஒழுக்கு என்றதும் ஈரத்தைத் தேடுகிறார்கள். மேனிஃபோல்ட் ஒழுக்கில் வெளியே எதுவும் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். சந்து வழியாகக் கூடுதல் காற்று நுழைந்தால் கலவை மெலிகிறது. சோக்கைத் தள்ளியதும் எஞ்சின் அணைகிறது. மிதித்தால் கார்புரேட்டர் வழியாகப் பட்பட்டென்று திருப்பி அடிக்கிறது.

அதற்குப் பட்டறை தரும் மருந்துதான் கொடுமை. டியூனிங் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டி, ஐடிலை ஏற்றி வைத்து அனுப்புகிறார்கள். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் இன்டேக் வழி இரண்டுதான். 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று, 3, 4 சிலிண்டர்களுக்கு மற்றது. முன்பக்க வழியில் பேக்கிங் விட்டிருந்தால் முதல் இரண்டு பிளக்குகள் வெளுத்துப்போகும். அதைச் சரிக்கட்டப் பெட்ரோலைக் கூட்டினால் பின்னால் உள்ள இரண்டும் கரி பிடிக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தாலே ஒழுக்கு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் திருகுவது, ஒரு ஜோடி சிலிண்டரைப் பட்டினி போட்டு இன்னொரு ஜோடியை மூச்சுமுட்டவைப்பது. புகைச் சோதனையில் தோற்பதும் இதனால்தான். பாரத் ஸ்டேஜ் காலத்துக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குச் சட்டம் கார்பன் மோனாக்சைடை 3 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. தாராளமான வரம்பு அது. அதையும் தாண்டும் வண்டியைப் பார்த்து "பழசு" என்கிறோம்.

இனி பேஸ்டுக்கு வருவோம். பட்டறை அலமாரியில் மூன்று இருக்கும்: சிலிகான் குழாய், ஷெல்லாக் புட்டி, எம்-சீல். சிலிகானைப் பெட்ரோல் ஊறவைத்து உப்பவைக்கும், பிடி விட்டுப்போகும். பிதுங்கிய துணுக்கு பிய்ந்தால் போகும் வழி வால்வை நோக்கித்தான். பெட்ரோல் படும் இடத்தில் இதைப் பூச வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே பெரும்பாலும் அச்சிடுகிறார்கள், படிப்பவர்தான் இல்லை. எம்-சீலை வெளிப்புறம் அப்பினால், சூட்டில் விரிந்து சுருங்கும் உலோகத்தின் மேல் விரிசல் விடும்.

ஷெல்லாக்கைப் பற்றிப் பழைய ஆசான்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது, அரக்கு பெட்ரோலில் எளிதில் கரையாது. ஆனால் அரக்கைக் கரைக்கத் தச்சர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது எதை? ஸ்பிரிட்டை, அதாவது ஆல்கஹாலை. ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மேசை நாற்காலிக்கு ஃபிரெஞ்ச் பாலிஷ் போடுகிறார்கள். இன்று பம்பில் ஊற்றும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலும் ஆல்கஹால்தான். எந்த ஷெல்லாக்கை நம்பி கார்புரேட்டர் அடியில் தடவுகிறோமோ, அதன் கரைப்பானையே டாங்கில் நிரப்புகிறோம். எத்தனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது, ஆகவே கலவையை அதுவும் மெலியவைக்கிறது. சந்து வழிக் காற்றும் சேர்ந்தால் அடி இரட்டிப்பு. பழைய எஞ்சின்கள் எத்தனாலால் கெடுகின்றன என்று புலம்புகிறவர்கள் முதலில் பேக்கிங்கைப் பார்க்கட்டும்.

அப்படியானால் ஒழுக்கை எது அடைக்கும்? மட்டமான இரண்டு முகங்களும், அவற்றுக்கிடையே சரியான பேக்கிங்கும், சீரான முறுக்கும்தான். கோணிப்போன குக்கர் வாயில் எந்த மாவை அப்பினாலும் ஆவி நிற்காதது போல, கார்புரேட்டரின் கோணிய அடிமுகத்தில், அதாவது ஃபிளாஞ்சில், எந்தப் பேஸ்டும் நிற்காது. அது ஏன் கோணுகிறது? முறுக்கியதால்! சோலெக்ஸ் மாதிரிக் கார்புரேட்டரின் அடிப்பகுதியை இரண்டு முனைகளில் இரண்டு நட்டுகள் பிடித்திருக்கும். அது மென்மையான ஜிங்க் கலவை வார்ப்பு. ஒழுக்கு கண்டதும் ஸ்பேனரைப் போட்டு நெரிப்பார்கள். இரு காதுகளும் கீழே வளையும், நடுவில் தொண்டை ஓரம் தூக்கிக்கொள்ளும். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடும். கழற்றி, அடிமுகத்தின் குறுக்கே எஃகு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால், அங்கே 0.10 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தடையில்லாமல் நுழைந்தால், குற்றவாளி கையில் இருக்கிறார்.

இதற்கு வேண்டிய கருவிகள் கனத்த கண்ணாடிப் பலகை, எமரித் தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய். கார்புரேட்டரை முழுக்கப் பிரித்துவிட்டு, ஃபிளாஞ்ச் முகத்தை எட்டு போடுவதுபோல் தேய்த்து மட்டமாக்கி, ஒரு பொடி மிஞ்சாமல் கழுவ வேண்டும். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள இன்சுலேட்டர் கட்டையின் இரு பக்கமும் புதுப் பேக்கிங் வைக்க வேண்டும். ஃபிளாஞ்ச் மேலேயே காகிதத்தை வைத்து, சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டிப் பேக்கிங் வெட்டும் வழக்கம் ஒழிய வேண்டும், ஒவ்வொரு தட்டும் மென்மையான விளிம்பை நசுக்குகிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி வைப்பதற்கு மன்னிப்பே கிடையாது.

அம்பாசடரில் கூடுதல் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங்கின் மேல் அமர்கின்றன. இரண்டின் ஃபிளாஞ்சையும் சேர்த்து அழுத்துவது ஸ்டட்டில் உள்ள தடித்த வாஷர்கள். இரண்டு ஃபிளாஞ்சின் தடிப்பும் சமமாக இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்து ஒன்றை மட்டும் அழுத்தும், மற்றது தளர்ந்தே கிடக்கும். அதை எத்தனை முறுக்கு முறுக்கினாலும் பயனில்லை. தடிப்பைச் சமமாக்கி, இரண்டு முகத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் இன்னும் உஸ் என்ற சத்தம் வந்தால், த்ராட்டில் ஸ்பிண்டிலை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் காற்று அந்த வழியே போகிறது. அதற்குப் புஷ் போட லேத் பட்டறைதான் வழி, பேஸ்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஒழுக்கைத் தேட மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைச் சந்துகளின் ஓரம் நகர்த்தினால் போதும். ஓடும் எஞ்சினில் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் அதே பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் பழுக்கக் காய்ந்திருக்கிறது.

"இவ்வளவு மெனக்கெட இந்த வண்டி பெறுமா?" என்பார்கள். 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் செய்யப்பட்ட கார் அம்பாசடர். ஸ்பிண்டில் வேலை தவிர்த்த மற்றதற்கு ஒரு நாள் உழைப்பும் எளிய சாமான்களும் போதும். மாதாமாதம் பேஸ்டுக்கும் பிளக்குக்கும் வீணாகும் பெட்ரோலுக்கும் போகும் பணம் அதைவிட அதிகம். பழசு ஓடாது என்பவர்களுக்கு இதே ஊரில் பதில் இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, சிஏஎன் 42 என்ற எண் கொண்ட 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரைப் பல பத்தாண்டுகள் வைத்துப் போற்றினார். அரண்மனைப் பணம் என்று தள்ளிவிடாதீர்கள். கவனிப்பு இருந்தால் வயது தடையில்லை என்பதுதான் அதில் கற்க வேண்டியது.

பேஸ்டுக்கு இடமே இல்லையா? உண்டு. கையேடு சொல்லும் இடத்தில், மட்டமான முகத்தில், மெல்லிய பூச்சாக. கோணலை மறைக்கும் பூச்சாக ஒருபோதும் இல்லை.

ஆசான்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் வண்டியை விட்டு மதியம் திருப்பிக் கேட்பவர்கள் நாம். ஃபிளாஞ்சைத் தேய்க்க ஒரு பகல் கேட்கும் ஆசானிடம் முகம் சுளித்து, பேஸ்ட் தடவி அரை மணியில் தருபவரைக் கெட்டிக்காரர் என்று மெச்சுகிறோம். இனி வண்டியைக் கொடுக்கும்போது கேளுங்கள்: ஸ்கேல் வைத்துப் பார்த்தீர்களா, பிளக்கைக் கழற்றிக் காட்டுவீர்களா, ஸ்பிண்டில் ஆடுகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவருக்கு அவர் கேட்கும் நாளையும் கூலியையும் கொடுங்கள். குழாயை எடுத்துப் பிதுக்கத் தொடங்குபவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.