அப்டேட் மேல் பழி போடாதீர்கள்

"அப்டேட் மட்டும் போட்டுடாதீங்கண்ணே, போன் செத்துரும்." ரஞ்சன்குடி டீக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடையில் ரீசார்ஜுக்கு நின்றாலும் சரி, இந்த அறிவுரை காதில் விழாமல் போகாது. கூடவே விளக்கமும் வரும். புதுப் போன் வாங்க வைப்பதற்காகக் கம்பெனிக்காரன் பழைய போனுக்குள் விஷம் அனுப்புகிறான், அதற்குத்தான் அப்டேட் என்று பெயர். தெரியாமல் போட்டுவிட்டாலும் பயமில்லை, கடையில் கொடுத்தால் பழைய வெர்ஷனை ஏற்றித் தந்துவிடுவார்கள்.

இந்த நம்பிக்கை வெறும் தவறாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். இது நம் மக்களின் வங்கிக் கணக்கைத் திறந்து வைக்கிறது. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரைத் தப்பவிடுகிறது. அதனால்தான் இதை எதிர்த்து எழுதுகிறேன்.

இங்கே பழைய போன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மகன் புதுப் போன் வாங்கியதும் அவனுடைய பழையது அப்பாவுக்கு வரும். அப்பாவிடமிருந்து அம்மாவுக்குப் போகும். அந்தப் போனில்தான் மக்காச்சோளம் விற்ற பணம் வந்த குறுஞ்செய்தி இருக்கிறது, பி.எம். கிசான் தவணைக்கான ஓடிபி வருகிறது, பிள்ளையின் பள்ளி வாட்ஸப் குழு இருக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளரின் போன் மக்கர் செய்தால் அங்கே நிற்பவர்களின் கூலிக்கே சிக்கல். இப்படிப்பட்ட போனைத்தான் "அப்டேட் போடாதே" என்று சொல்லிப் பாதுகாப்பில்லாமல் விடுகிறோம்.

சந்தேகம் காரணமில்லாமல் பிறக்கவில்லை. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்கு ஆணையம் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தவர்களிடம், அந்தப் போன் தாங்காத ஆண்ட்ராய்டு மார்ஷ்மெல்லோ அப்டேட்டைப் போடச் சொல்லி வற்புறுத்தியது என்பதே குற்றச்சாட்டு. 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஓர் அப்டேட் அனுப்பியது. பேட்டரி சூடாவதைத் தடுக்கும் பெயரில் பல போன்களின் சார்ஜ் கொள்ளளவை அது வெகுவாகக் குறைத்தது. திரும்பிப் போக முடியாதபடி பழைய பதிப்புக் கோப்புகளையும் கூகுள் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. இவை அநியாயங்கள். இவற்றை மறைத்துவிட்டு நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் இரண்டு சம்பவங்களும் செய்தியானதும் ஒன்றில் அபராதம் விழுந்ததும் அவை வழக்கத்தை மீறியவை என்பதால்தான். மாதாமாதம் கோடிக்கணக்கான போன்களில் எந்தச் சத்தமும் இல்லாமல் ஏறும் அப்டேட்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிறகு ஏன் "அப்டேட் போட்டேன், கெட்டுப்போச்சு" என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? மாதம் ஒரு முறை அப்டேட் வரும் போனில், எந்தக் கோளாறு எப்போது வந்தாலும் அதற்குச் சில நாட்களுக்கு முன் ஓர் அப்டேட் நடந்திருக்கும். மூன்று வயதான பேட்டரி வேதியியல்படி தேய்ந்திருக்கும்; அப்டேட் வராவிட்டாலும் அது மத்தியானமே தீர்ந்துபோகும். ஸ்டோரேஜ் முழுக்க வாட்ஸப் வீடியோக்களாலும் காலை வணக்கப் படங்களாலும் நிரம்பியிருந்தால் எழுதுவதற்கு இடமில்லாமல் போன் திணறும். பெரிய அப்டேட் முடிந்ததும் எல்லாச் செயலிகளையும் போன் புதிதாகச் சீர்படுத்திக்கொள்கிறது. அந்த ஓரிரு நாள் சூடாகவும் மந்தமாகவும் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஆள் பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறார்.

திரையில் விழும் பச்சைக் கோட்டுக்கும் அப்டேட்தான் காரணம் என்பார்கள். மென்பொருளால் விழுந்த கோடு என்றால் மென்பொருளை மாற்றியதும் மறைய வேண்டும்; பழைய வெர்ஷனை ஏற்றினாலும் அந்தக் கோடு அப்படியே நிற்கிறது. ஒன்பிளஸ் நிறுவனம் இந்தியாவில் கோடு விழுந்த பல மாடல்களுக்குத் திரையையே இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பழுது திரையில் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்டேட் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு காரியங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் ஒரு காரணம். ஆண்ட்ராய்டு 12லிருந்து 13க்குப் போவது ஒன்று. ஓட்டைகளை அடைக்கும் மாதாந்தரப் பாதுகாப்பு ஒட்டு (பேட்ச்) வேறு. ஆண்ட்ராய்டு 10லிருந்து கூகுள் நேரடியாக அனுப்பும் பிளே சிஸ்டம் அப்டேட் இன்னொன்று. செயலிகளுக்கு வருவது தனி. முதலாவதை ஒரு வாரம் பொறுத்து, மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பாதுகாப்பு ஒட்டை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்எம்எஸ் செய்தி வந்தாலே போதும், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் போன் அடுத்தவர் கைக்குப் போய்விடும் என்ற நிலை. அடுத்த மாதமே கூகுள் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கையைத் தொடங்கியது. அந்த அறிக்கை எல்லோரும் படிக்கக்கூடியது. எந்த இடத்தில் ஓட்டை இருந்தது, எப்படி அடைத்தோம் என்று அதில் இருக்கும். திருடனும் அதைப் படிப்பான். ரஞ்சன்குடிக் கோட்டையின் மதிலில் எந்தக் கல் ஆடுகிறது என்று ஊர் நடுவே பலகை வைத்துவிட்டு, அந்தக் கல்லை மட்டும் பூசாமல் விட்டால் எப்படியோ, ஒட்டுப் போடாத போன் அப்படி. அப்டேட்டை நிறுத்தி வைப்பவர் போனைப் பழைய நிலையில் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு மாதமும் அதன் பலவீனத்தைப் பற்றி வெளியில் தெரிந்தது கூடிக்கொண்டே போகிறது.

இது நகரத்துப் பணக்காரர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். வண்டி அபராதச் சலான் என்றும் பி.எம். கிசான் என்றும் பெயர் வைத்து வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்புகள் நம் மாவட்டத்துப் போன்களுக்கும்தான் வருகின்றன. நிறுவியதும் அது அணுகல்தன்மை அனுமதியைக் கேட்கும். கொடுத்துவிட்டால் திரையில் ஓடும் அனைத்தையும் அதனால் படிக்க முடியும், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்த முடியும். 2022ல் வந்த ஆண்ட்ராய்டு 13, இப்படி வெளியிலிருந்து நிறுவப்படும் செயலிகளுக்கு அந்த அனுமதியைச் சுலபமாகக் கிடைக்காதபடி தடுத்தது. "12லேயே இருங்கண்ணே, அதுதான் ஸ்மூத்தா ஓடும்" என்று சொன்னவர் அந்தத் தடையை எடுத்துப்போட்டுவிட்டார் என்று அவருக்கே தெரியாது. பணம் போன பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கிறோம். அதற்கு முன்பே அந்த வாசலை அடைத்திருக்கலாம்.

இனி பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் கதை. கணினியில் கேபிளைச் செருகி ஃபிளாஷ் அடிப்பது கை பழகியவருக்குச் சில நிமிட வேலை. எந்தக் கோப்பு, எங்கிருந்து வந்தது, அதற்குள் வேறென்ன இருக்கிறது என்பது போனைக் கொடுத்தவருக்குத் தெரியாது. படங்களும் தொடர்பு எண்களும் அழிந்துபோகும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. இந்தியாவில் வீட்டுக்கு வீடு இருந்த ரெட்மி நோட் 5 ப்ரோ போன்களில் 2018ல் ஷியோமி, பழைய பதிப்புக்குத் திரும்ப விடாத பின்னோக்குத் தடையைக் கொண்டுவந்தது. அது தெரியாமல் பழைய பதிப்பை ஏற்றியவர்களின் போன்கள் கட்டையாகிப்போயின. நிறுவனத்தின் அனுமதி பெற்ற கணக்கு இல்லாமல் எழுப்பவும் முடியவில்லை. 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 போன்களுக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது கூகுளும் இதே தடையைக் கொண்டுவந்தது. போனை எழுப்பும் மென்பொருளான பூட்லோடரில் கண்டுபிடித்த ஓட்டை பழைய பதிப்போடு திரும்பி வந்துவிடக் கூடாது என்பது காரணம். காரணம் நியாயமானது. முன்கூட்டியே பெரிய எழுத்தில் எச்சரிக்காமல் செய்யும்போதுதான் அநியாயமாகிறது.

சரி, யார் மேல் கோபப்பட வேண்டும்? அப்டேட்டை நிறுத்துபவர் மேல்.

நல்ல நிலையில் இருக்கும் போன் ஏன் ஒரு நாள் "பழசாகிறது"? போனுக்குள் இருக்கும் சிப்பைச் செய்த நிறுவனம் அதற்கான இயக்கிகளைப் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி எழுதித் தர வேண்டும். அவர்கள் நிறுத்தினால் போன் நிறுவனம் கையைப் பிசையும், அல்லது அதையே சாக்காக வைத்துக்கொள்ளும். 2016ல் சோனி எக்ஸ்பீரியா இசட்3 போனில் ஆண்ட்ராய்டு 7இன் சோதனைப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இறுதிப் பதிப்பு அதற்கு வரவேயில்லை. அதிலிருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்குப் புதிய பதிப்பில் ஆதரவு கிடைக்கவில்லை. திரை, கேமரா, பேட்டரி எதிலும் குறையில்லை. யாரோ ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது.

நீண்ட காலம் அப்டேட் தருவது முடியாத காரியம் என்று நிறுவனங்கள் சொன்னால் நம்பாதீர்கள். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2014 செப்டம்பரில் டெல்லியில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை அறிமுகப்படுத்தினார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் நிறுவனங்களின் போன்கள், விலை 6,399 ரூபாயிலிருந்து. ஆண்ட்ராய்டு கிட்கேட்டோடு வந்த அந்த மலிவுப் போன்களுக்கு அடுத்த பதிப்புகளான லாலிபாப்பும் மார்ஷ்மெல்லோவும் வந்து சேர்ந்தன. 2023ல் பிக்சல் 8க்குக் கூகுளும், 2024ல் கேலக்ஸி எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று வாக்குக் கொடுத்தன. அதிக விலைப் போனுக்கு ஏழு ஆண்டு முடியும் என்றால், ரஞ்சன்குடிக்காரர் தவணையில் வாங்கும் போனுக்கு ஏன் முடியாது? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் சட்டமே போட்டுவிட்டது: ஒரு மாடலின் கடைசிப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கான அறிக்கையைக் கொடுத்தது. மென்பொருள் அப்டேட்டுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. மதிப்பெண் போதாது. ஆண்டுக் கணக்கு கட்டாயமாக வேண்டும்.

கைவிடப்பட்ட போனுக்கு ஒரு வழி இருக்கிறது, பூட்லோடர் பூட்டைத் திறப்பது. அன்லாக் என்றதும் திருட்டுப் போன் வேலை என்று முகம் சுளிப்பவர்கள் அதிகம். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது வேறு. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. சொந்தப் போனின் பூட்லோடரைத் திறந்து வேறு இயங்குதளம் போடுவது அந்தக் குற்றமல்ல. 2018 ஆகஸ்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த போக்கோ எஃப்1 போனை ஷியோமி ஆண்ட்ராய்டு 10ஓடு நிறுத்திவிட்டது. லீனியேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தின் தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் அதே போனை ஆண்ட்ராய்டு 14க்கும் கொண்டுபோனார்கள். சிப்புக்குள் இருக்கும் நிறுவனத்துக்கே உரிய மென்பொருளின் ஓட்டைகளை அவர்களாலும் அடைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒன்றுமே வராத போனைவிட அது எத்தனையோ மேல்.

அந்த வழியையும் அடைத்துக்கொண்டே வருகிறார்கள். ஹுவாவே 2018லேயே திறவு எண் தருவதை நிறுத்தியது. ஷியோமி காத்திரு, விண்ணப்பம் போடு என்கிறது. சாம்சங் 2025ல் தன் ஒன் யூஐ 8 மென்பொருள் வந்ததும் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டது. இந்தத் தடைகளைத் தாண்டி வந்தவரை வங்கிச் செயலி வாசலில் நிறுத்துகிறது. பூட்டுத் திறந்த போன் போன மாத ஒட்டு வரை போட்டிருந்தாலும் பல வங்கிகள் உள்ளே விடுவதில்லை. 2019க்குப் பிறகு எந்த ஒட்டையும் காணாத போன், பூட்டு அப்படியே இருந்தால் உள்ளே போய்விடுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் இப்படி ஒரு விதி நடைமுறையில் இருப்பது என்னால் ஏற்க முடியாதது.

போன் பெட்டியில் விலை இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது. அப்டேட் நிற்கும் மாதத்தையும் அச்சிட வேண்டும். அந்த மாதம் வந்ததும் திறவுகோலை வாங்கியவரிடம் கொடுத்துவிட வேண்டும். வங்கிகள் பூட்டைப் பார்ப்பதோடு ஒட்டின் தேதியையும் பார்க்க வேண்டும். கடைக்காரத் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன்: அப்டேட் போடாதீர்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, இந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை அப்டேட் வரும் என்று விற்கும்போதே சொல்லுங்கள்.

அரசு இதில் வெறும் பார்வையாளர் இல்லை. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த 2 ஜிபி ராம் போன்கள் வேலைக்கு ஆகவில்லை என்று திரும்ப ஒப்படைத்துப் போராடினார்கள். செயலியைக் கட்டாயமாக்கும் அரசு, அது ஓடும் போனின் ஆயுளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு எல்காட் போன்ற நிறுவனங்கள் வழியாக மொத்தமாகக் கருவிகள் வாங்குகிறது. எத்தனை ஆண்டு பாதுகாப்பு ஒட்டு வரும், அது முடிந்ததும் பூட்லோடரைத் திறந்து தருவீர்களா என்ற இரண்டு நிபந்தனைகளை அடுத்த டெண்டரில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.