முளைக்கும், ஆனால் பழையபடி அல்ல

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷனுக்குத் தேதி குறித்த கபடிப் பையனுக்கு ஊரே ஓர் ஆறுதல் சொல்கிறது: "புது ஜவ்வுக்காகத் தொடையிலிருந்து எடுக்கிற நரம்பு உபரிதான்ப்பா. பல்லி வால் மாதிரி திரும்ப முளைச்சிடும்." நண்பர்கள் சொன்னால் மன்னிக்கலாம். விவரம் தெரிந்தவர்களும் இதையே சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதுதான் எரிச்சல்.

அந்த 'நரம்பு', அதாவது தசைநாண், முளைப்பது உண்மை. ஆஸ்திரேலிய மருத்துவர் மெர்வின் கிராஸும் சகாக்களும் 1992-இல் எம்.ஆர்.ஐ. படங்களோடு இதை எழுதினார்கள். பெரும்பாலோருக்கு முளைக்கிறது, எல்லோருக்கும் அல்ல. ஆனால் பல்லியை உவமைக்கு இழுப்பவர்கள் அதன் புது வாலை அறுத்துப் பார்த்ததில்லை போலும். பழைய வாலில் இருந்த எலும்புக் கணுக்கள் புதியதில் இல்லை. வெறும் குருத்தெலும்புக் குழாய்தான். தொடையிலும் அதே கதை. புதிய தசைநாண் பல நேரம் பழைய இடத்துக்குச் சற்று மேலேயே ஒட்டிக்கொள்கிறது. அது வளர்வதற்குள், பிடிப்பிழந்த தசை மேலேறிக் குட்டையாகிவிடுகிறது.

உட்காரவைத்து முழங்காலைச் செங்கோணம்வரை மடக்கச் சொன்னால் இதனால் வரும் வலுக்குறை அகப்படாது. இரு காலும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிட்டம்வரை இழுக்கச் சொல்லுங்கள். கடைசிக் கட்டத்தில் அந்தக் கால் தயங்கும், சிலருக்குத் தொடை பிடித்துக்கொள்ளும். வருடங்கள் கழிந்தும் இந்த வலு திரும்பாதவர்கள் உண்டு. பைக் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. கணுக்காலைப் பிடித்தவனிடமிருந்து காலை உருவ வேண்டிய ரெய்டருக்குத் தெரியும்.

உபரி என்று சொல்லிச் சொல்லியே, எடுத்த இடமும் ஒரு காயம் என்பதை மறக்கடித்துவிட்டோம். கட்டு முழங்காலில், கவனமும் அங்கேதான். முதல் சில வாரங்களில் சிலருக்கு, காலை நீட்டிக் குனிந்து சாக்ஸ் மாட்டும்போது தொடைக்குப் பின்னால் 'டப்'பென்று ஏதோ விடும். கன்றிப்போய் நீலம் பாரிக்கும். புது ஜவ்வே போய்விட்டதென்று பதறுவார்கள். பெரும்பாலும் ஆறிக்கொண்டிருந்த தொடைத்தசைதான் பிய்ந்திருக்கும். எதுவென்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்படியும் நடக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பதற்றமாவது மிச்சம்.

தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்கில் எடுக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து எடுத்தால் மண்டியிடும்போது வலிக்கும், எதுவும் இலவசமில்லை. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: தொடையிலிருந்து ஒரு தசைநாணை எடுக்கப்போகிறீர்களா, இரண்டை எடுக்கப்போகிறீர்களா? என் ஆட்டத்துக்கு எது ஒத்துவரும்? கிரவுண்டுக்குத் திரும்ப அனுமதி வாங்கும் நாளில், குப்புறப் படுக்கவைத்தும் சோதிக்கச் சொல்லுங்கள்.