‘என் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?’

“என் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது? அதையெல்லாம் ஐ.டி. ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.” அலுவலகம்தோறும் கேட்கும் பேச்சு இது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. விஞ்ஞானிகளோடு ஒப்பந்தக்காரரின் கணக்கர், ஸ்டோர் கீப்பர், பில் போடுபவர் என எத்தனையோ பேர் சேர்ந்தால்தான் ஏவுதளம் இயங்கும். அவர்களிடம் இந்தப் பேச்சு வேரூன்ற விடக்கூடாது.

இதே கடற்கரையில் உள்ள கூடங்குளமே இதற்குப் பதில் சொல்லும். 2019 அக்டோபர் 29 அன்று, தன் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்கவே முடியாது என அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, கணினியில் தீநிரல் புகுந்தது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு அதைக் கண்டறிந்தது செப்டம்பர் 4 அன்றே! உலையை இயக்கும் வலையமைப்புக்குப் பாதிப்பில்லை என்றது கழகம். தீநிரல் புகுந்த இடம், நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஓர் ஊழியரின் கணினி.

திருட ஒன்றுமில்லாத கணினிக்கு ஏன் வந்தார்கள்? யார் யாருக்கு எழுதுகிறார், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதே அவர்களுக்குச் சரக்கு. அடுத்த மோசடி மின்னஞ்சலை நம்பும்படி எழுத அது போதும். 2016-இல் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் பறிபோனது. அந்தத் திருட்டும் வேலை கேட்டு ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்களில்தான் தொடங்கியது.

ஐ.டி. பிரிவு வாசலைக் காக்கும். ஆனால், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்” என்று ஒப்பந்தக்காரர் பெயரில் கடிதம் வந்தால், அது அவர் எழுத்துதானா என்று கணக்கருக்குத்தான் தெரியும். கணக்கர் ஒரு போன் போட்டுக் கேட்டால் திருட்டு அங்கேயே நிற்கும்.

ஊழியரை மட்டும் குற்றம் சொல்வதும் அநியாயம். இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது செர்ட்-இன்னின் 2022 உத்தரவு. பல நேரம் அதை முதலில் அறிபவர் சாதாரண ஊழியர். “தெரியாமல் லிங்க்கைத் தட்டிவிட்டேன், சார்” என்று வந்து சொன்னவருக்கு மெமோ கொடுத்தால், அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். குலசேகரன்பட்டினத்தில் முதல் ராக்கெட் ஏறுவதற்கு முன்பே அந்த அச்சத்தை ஒழியுங்கள். தவறை உடனே சொல்பவரைத் தண்டிக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்து.